துணி சொல்லும் சேதி



1957ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் மலாயா விடுதலை பெற்றது. அதே ஆண்டு மார்ச் 6ஆம் நாள், மேற்கு ஆப்பிரிக்காவில் கானா என்ற நாடு விடுதலை பெற்றது. அந்நாட்டில் துணியே பேசும் என்கிறார்கள். எப்படி என்று இன்று பார்ப்போம்.

கானாவில் அசாந்தி என்ற மக்கள் வாழ்கிறார்கள். குமாசி நகருக்கு அருகிலுள்ள பொன்விரே என்ற ஊர் அவர்களுடைய நெசவுக்குப் பேர்போனது. வேட்டைக்குப் போன இருவர் சிலந்தி வலை பின்னுவதைப் பார்த்து நெசவைக் கற்றார்கள் என்பது அவ்வூர்க் கதை. அவர்கள் நெய்யும் துணிக்குக் 'கெந்தே' என்று பெயர்.

கெந்தேத் தறி மிகவும் குறுகியது. நெய்து வரும் பட்டையின் அகலம் சுமார் 4 அங்குலம்தான். பாவு நூலை முன்னால் நெடுந்தூரம் நீட்டி, அதன் முனையில் கல்லைப் பாரமாக வைத்திருப்பார்கள். நெசவாளி கால்விரல்களுக்கிடையே கயிற்றைப் பற்றி இழுத்துப் பாவைப் பிரிப்பார். கைகள் ஊடையைச் செலுத்தும். பிறகு 20க்கும் மேற்பட்ட பட்டைகளைப் பக்கம் பக்கமாக வைத்துத் தைத்தால்தான் ஓர் ஆண் போர்த்தும் துணி உருவாகும்.

நிறங்களுக்கும் பொருள் உண்டு. பொன்னிறம் செல்வத்தையும் பச்சை விளைச்சலையும் குறிக்கும். ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு பெயர் உண்டு. கானாவின் தலைவர் குவாமே நிக்ருமா, எகிப்து நாட்டுப் பெண்ணான ஃபாத்தியாவை மணந்தார். 'ஃபாத்தியா நிக்ருமாவுக்குப் பொருத்தமானவள்' என்று ஒரு கெந்தேக்குப் பெயர் வந்தது. 1966இல் அவருடைய ஆட்சி கவிழ்ந்தது. அதே துணிக்கு, 'ஒருவர் மட்டும் நாட்டை ஆள்வதில்லை' என்று மக்கள் பெயரை மாற்றிவிட்டார்கள்! நூல் மாறவில்லை, சேதி மாறியது.

'அதின்க்ரா' என்பது இன்னொரு வகைத் துணி. சுரைக்குடுக்கைத் துண்டில் அச்சுச் செதுக்கி, மரப்பட்டையைக் காய்ச்சி எடுத்த கரிய சாயத்தில் தோய்த்துத் துணியில் பதிப்பார்கள். துக்க வீட்டுக்கு இதை உடுத்திச் செல்வது வழக்கம். அதன் அச்சுகளில் ஒன்று, தலையைப் பின்னால் திருப்பிய பறவை. 'சங்கோஃபா' என்பது அதன் பெயர். விட்டுவந்த நல்லதைத் திரும்பிப் போய் எடுத்துக்கொள்வதில் தவறில்லை என்பது பொருள்.

இந்தக் கைத்தொழிலுக்கும் ஓர் ஆபத்து உண்டு. பல வாரம் நெய்ய வேண்டிய வடிவத்தை, ஆலை இயந்திரம் நொடியில் அச்சடித்துவிடுகிறது. விலையும் மலிவு. வாங்குபவர் மலிவைப் பார்த்தால், நெசவாளி வீட்டு அடுப்பு எப்படி எரியும்? அசல் துணியைத் தடவிப் பாருங்கள். பட்டைகளை இணைத்த தையல் விரலில் தட்டுப்படும். 2024ஆம் ஆண்டு யுனெஸ்கோ, கெந்தே நெசவை மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களில் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. அது பெருமைதான். ஆனால், பிள்ளைகள் தறியில் அமர்ந்தால்தான் தொழில் வாழும்.

நேயர்களே, உங்கள் வீட்டுப் பெரியவர்களின் கையிலும் ஏதாவது ஒரு தொழில் இருக்கும். பாய் முடைவதோ, பூக் கட்டுவதோ, எதுவாகவும் இருக்கலாம். இன்று மாலை பிள்ளைகளை அவர்கள் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். அந்தப் பறவை சொல்வதும் அதுதான்.