எந்த சர்வீஸ் சென்டரை நம்புவது?

பிளவக்கல் அணைப் பக்கம் ஒரு வீட்டில் கம்ப்யூட்டர் மக்கர் செய்தால், சிபியுவை பைக்கில் வைத்துக் கட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ ராஜபாளையத்துக்கோ போக வேண்டும். எந்தக் கடையை நம்பிப் போவது? "குறைந்த செலவில் தரமான சர்வீஸ்" என்றுதான் எல்லோரும் நோட்டீஸ் அடிக்கிறார்கள்.

இப்படித் தன்னைப் புகழாமல், வாடிக்கையாளருக்குப் பயன்படும் தகவலை எழுதிக் கொடுத்து நம்பிக்கையைப் பெறுவதுதான் கன்டென்ட் மார்க்கெட்டிங். இது புதிதல்ல. பிரான்ஸ் நாட்டின் டயர் கம்பெனி மிச்செலின், டயர் மாற்றும் முறை, ஒர்க்‌ஷாப் விவரங்கள் அடங்கிய கையேட்டை 1900-லேயே கார் ஓட்டுபவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தது.

கம்ப்யூட்டர் கடைக்கு வருவோம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. "உடனே புது கம்ப்யூட்டர் வாங்குங்கள்" என்று ஒரு கடை எழுதலாம். இன்னொரு கடை இப்படி எழுதலாம்: "விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, மைக்ரோசாஃப்ட் ஏற்கும் பிராசஸர் தேவை. 'பிசி ஹெல்த் செக்' என்ற இலவச புரோகிராமில் சோதித்துப் பாருங்கள். டிபிஎம் இருந்தும் பயாஸில் ஆஃப் ஆகியிருக்கலாம். தேறினால் இலவசமாகவே மாறலாம்."

இரண்டாவது கடைக்கு அன்றைய விற்பனை போனது உண்மை. ஆனால் நாளை ஹார்ட் டிஸ்க் பழுதானால் நீங்கள் தேடிப் போவது அந்தக் கடையைத்தான்!

எனவே, கடையைத் தேர்ந்தெடுக்கும் முன் அவர்கள் எழுதியதைப் படியுங்கள். உங்கள் செலவைக் குறைக்கும் யோசனை ஒன்றாவது அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.