உதடு பிளந்தது கிரகணத்தாலா?

மிளகு, சுக்கு மூட்டை சுமக்க மட்டாஞ்சேரி வந்தாலும் நம்மவர்களை ஊர்ப்பேச்சு விடுவதில்லை. பிள்ளை உதடு பிளந்து பிறந்தால், "கிரகணத்தில் வெளியே போனாயா?" என்று தாயைத்தான் குடைவார்கள். பாவம், அவள் என்ன செய்வாள்!

கருவின் நாலாவது வாரவாக்கில், மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழாயின் முகட்டிலிருந்து சில செல்கள் கிளம்புகின்றன. 1868-ல் வில்ஹெல்ம் ஹிஸ் கோழிக் கருவில் கண்டது இவற்றைத்தான். எல்லாவற்றிலும் ஒரே ஜீன்கள். எது விழிக்கிறது, எது உறங்குகிறது என்பதைப் பொறுத்து ஒன்று தாடை எலும்பாகும், இன்னொன்று குடல் நரம்பாகும். ஜீன்கள் முறை தவறினால் உதடு ஒட்டாமல் நின்றுவிடலாம். ஏழாவது வாரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. பல பெண்களுக்கு அப்போதுதான் கர்ப்பமே தெரியவரும்.

திருச்சூர் ஜூபிலி மிஷன் ஆஸ்பத்திரியில், 2020-ல் மறைந்த டாக்டர் அடன்வாலா ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு இதைச் சீராக்கினார். உதட்டு ஆபரேஷனை மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் செய்வது வழக்கம்.