மேல்மண் விவசாயிக்கு, அடிமண் யாருக்கு?

2017 ஜூன் 30. தஞ்சாவூர் மாவட்டம் கதிராமங்கலத்தில் வயலுக்கு அடியில் போகும் ஓ.என்.ஜி.சி. குழாயில் கசிவு ஏற்பட்டு, கச்சா எண்ணெய் வயலில் பரவியது. ஊர் திரண்டது. தடியடி, கைது, வழக்கு என்று அந்த நாள் முடிந்தது. மீத்தேன் திட்ட எதிர்ப்புக் கூட்டமைப்பின் பேராசிரியர் த. ஜெயராமன் உட்படப் பலர் சிறைக்குப் போனார்கள். சில வாரங்களுக்கு அது தலைப்புச் செய்தி. ஆனால் அந்தக் குழாய் அந்த வயலுக்குள் எந்தச் சட்டப்படி வந்தது, வயல்காரருக்கு என்ன கிடைத்தது, பக்கத்து வயல்காரருக்கு என்ன கிடைத்தது என்ற கேள்விகளை அப்போது யாரும் அதிகம் கேட்கவில்லை.

காவிரிப் படுகையில் எண்ணெய் தேடுவது நேற்று தொடங்கிய வேலையல்ல. 1960-களிலேயே காரைக்காலில் துளை போட்டுப் பார்த்தார்கள். 1980-களில் நரிமணம் பேர் எடுத்தது. 1993-ல் நாகப்பட்டினம் அருகே பனங்குடியில் சுத்திகரிப்பு ஆலையே வந்தது. அடியக்கமங்கலம், கமலாபுரம், குத்தாலம், கோவில்களப்பால் என்று கிணறுகள் பெருகின. அந்த எரிவாயுவில் திருமக்கோட்டையிலும் குத்தாலத்திலும் மின்சாரம் உற்பத்தியாகிறது. நெடுங்காலம் காவிரி டெல்டா பெரிதாக எதிர்க்கவில்லை. அரசாங்கக் கம்பெனி, கொஞ்ச இடம், வருஷாவருஷம் வாடகை என்ற கணக்கில் நிலம் கொடுத்தார்கள். மண்ணெண்ணெய் எடுக்கப் போகிறார்கள் என்று நம்பித்தான் இடம் விட்டோம் என்று புதுக்கோட்டை மாவட்டம் நெடுவாசல் பக்கம் சொல்வார்கள்.

பட்டா சொல்லாத பாகம்

அமெரிக்காவின் பல மாநிலங்களில் நிலத்துக்கு அடியில் இருக்கும் எண்ணெயும் தனியார் சொத்து. அதை வைத்திருப்பவர் கம்பெனியோடு பேரம் பேசலாம், ராயல்டி வாங்கலாம். இந்தியாவில் எண்ணெய் வயல்களும் கனிம எண்ணெய் வளமும் அரசியல் சாசனத்தின் மத்தியப் பட்டியலில் 53-வது இனம். 1948-ன் எண்ணெய் வயல்கள் சட்டமும் அதன் கீழான விதிகளும் உரிமம் தருவதை முறைப்படுத்துகின்றன. நிலப்பரப்பில் உரிமத்தை மத்திய அரசின் ஒப்புதலோடு மாநில அரசு தருகிறது. ராயல்டியும் மாநிலக் கருவூலத்துக்கே போகிறது. கிணறு இருக்கும் நிலத்தின் பட்டாதாரருக்குக் கிடைப்பது மேற்பரப்புக்கான வாடகையும் பயிர் இழப்பீடும்தான்.

குழாய் விஷயம் இன்னும் கடுமை. 1962-ன் பெட்ரோலியம் மற்றும் கனிமக் குழாய்கள் சட்டப்படி நிலத்தை வாங்கவே வேண்டாம். ‘பயன்பாட்டு உரிமை’யை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு ஈடு, நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதம். பயிருக்கும் மரத்துக்கும் ஏற்பட்ட சேதத்துக்குத் தனியாக. பட்டா உழவர் பெயரிலேயே இருக்கும், நெல்லும் நடலாம். ஆனால் குழாய் போகும் பட்டையில் வீடு கட்டக் கூடாது, கிணறோ குளமோ வெட்டக் கூடாது, மரம் வைக்கக் கூடாது. தனியார் திட்டங்களுக்கு 80 சதவீத நில உரிமையாளர்களின் சம்மதம் கேட்கும் 2013-ன் நிலம் கையகப்படுத்தும் சட்டம், குழாய்ச் சட்டத்தை விதிவிலக்குப் பட்டியலில் வைத்துவிட்டது. ஆட்சேபணை எழுதிக் கொடுக்கலாம். வேண்டாம் என்று தடுக்க முடியாது.

வாடகை ஒருவருக்கு, நஷ்டம் பலருக்கு

டெல்டாவில் பட்டா வைத்திருப்பவரும் உழுகிறவரும் எப்போதும் ஒருவரல்ல. கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் குத்தகைக்கு உழுகிற குடும்பங்கள் ஏராளம். வாய்மொழிக் குத்தகையில் சாகுபடி செய்பவர் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற பெண்களின் கூலி இழப்பீட்டுக் கணக்கிலேயே வராது. நிலம் கொடுத்தவர் கையெழுத்துப் போட்டால் காகிதத்தில் எல்லாம் சரி.

பக்கத்து வயல்காரரை யாரும் கேட்பதில்லை. ஒரு கிணற்றுக்குப் பல ஏக்கரை மண் கொட்டி மேடாக்குகிறார்கள்; கனரக வண்டிகள் வர அந்த மேடு வரை சாலை போடுகிறார்கள். டெல்டா நிலமோ கடலை நோக்கி மெல்லச் சரிகிறது. தண்ணீர் மடை விட்டு மடை பாய்ந்து, வடிகாலில் விழுந்து போகும் இடம். நடுவில் ஒரு மேடு எழுந்தால் மேலண்டை வயலில் மழைத்தண்ணீர் தேங்கும், கீழண்டை வயலுக்குப் பாய்ச்சல் குறையும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இரண்டு நாள் வடியாமல் நின்றாலே இளம் சம்பாப் பயிர் அழுகத் தொடங்கிவிடும். அந்தப் பக்கத்து வயல்காரருக்கு வாடகையும் இல்லை, இழப்பீடும் இல்லை.

எண்ணெயோடு உப்பு நீரும் மேலே வருகிறது. அதைப் பிரித்தெடுத்துச் சுத்திகரிக்க வேண்டும். வழியில் கசிந்து வயலில் பாய்ந்தால் பயிர் கருகும். மண் தேறுவதற்குள் போகங்கள் போய்விடும். பல ஆயிரம் அடி ஆழத்தில் இருந்து எடுக்கிறோம், குடிநீர் ஊற்றுகளை இரும்புக் குழாயும் சிமென்ட்டும் பிரிக்கின்றன என்பது நிறுவனங்களின் வாதம். ஒழுங்காகக் கட்டிய கிணற்றுக்கு அது பொருந்தும். ஆனால் கதிராமங்கலத்தில் கசிந்தது வயலுக்கு அடியில் போன குழாய். அந்த மேலடுக்கைத் தினமும் கண்காணிப்பது யார் என்ற கேள்விக்கு ஊருக்குப் பதில் தெரிவதில்லை.

அசாமின் பாக்ஜான் அதைவிடப் பெரிய பாடம். 2020 மே 27-ல் அங்கே ஆயில் இந்தியா நிறுவனத்தின் ஐந்தாம் எண் கிணறு கட்டுப்பாடு இழந்தது. ஜூன் 9-ல் தீப்பிடித்தது. தீயணைப்பு வீரர்கள் இருவர் இறந்தார்கள். நவம்பரில்தான் தீ அடங்கியது. ஆயிரக்கணக்கானோர் முகாம்களுக்குப் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் கிணற்றுக்கு நிலம் கொடுத்தவர்கள் அல்ல.

மீத்தேன் முதல் நெடுவாசல் வரை

டெல்டாவின் மனநிலையை மாற்றியது மீத்தேன். மன்னார்குடி வட்டாரத்தில் 691 சதுர கிலோமீட்டர் பரப்பு, 2010-ல் தனியார் நிறுவனம் ஒன்றுக்கு ஒதுக்கப்பட்டது. நிலக்கரிப் படிவத்தில் இருக்கும் மீத்தேன் வெளியே வரவேண்டுமானால், முதலில் அந்தப் படிவத்தில் இருக்கும் நீரை இறைத்து வெளியேற்ற வேண்டும். நிலத்தடி நீரை நம்பிக் குறுவை போடுகிற ஊருக்கு இது போதுமான எச்சரிக்கை. இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய் இதை விளக்கினார். அந்தப் பிரசாரத்தில் இருந்தபோதே 2013 டிசம்பர் 30-ல் மறைந்தார். 2015-ல் மாநில அரசு அந்தத் திட்டத்துக்குத் தடை போட்டது.

2017 பிப்ரவரியில் சிறு எண்ணெய் வயல்களை மத்திய அரசு ஏலத்தில் ஒதுக்கியபோது புதுக்கோட்டை நெடுவாசலும் பட்டியலில் இருந்தது. ஊர் மாதக்கணக்கில் பந்தலில் உட்கார்ந்தது. பழைய கிணறுகளை முறையாக மூடி, நிலத்தைத் திருப்பித் தரவேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கை. 2020 ஜனவரியில் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் எண்ணெய், எரிவாயு ஆய்வுப் பணிகளுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பே வேண்டாம் என்று விதியைத் தளர்த்தியது. அடுத்த மாதமே தமிழகச் சட்டமன்றம் டெல்டாவுக்கான பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நிறைவேற்றியது.

அந்தச் சட்டம் புதிய கிணறுகளுக்குத் தடை போட்டது. ஏற்கெனவே ஓடுகிற கிணறுகளையும் குழாய்களையும் தொடவில்லை. மண்டலத்துக்கு வெளியே இருக்கும் மாவட்டங்களுக்கும் அது பொருந்தாது. 2025-ல் ராமநாதபுரம் மாவட்டத்தில் 20 சோதனைக் கிணறுகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்து, எதிர்ப்பு எழுந்த பிறகே மாநில அரசு அதைத் திரும்பப்பெறச் சொன்னது நினைவிருக்கலாம்.

கேட்க வேண்டிய பங்கு

நாட்டுக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கும் மேல் இறக்குமதி. அதனால் உள்நாட்டில் தேடியாக வேண்டும் என்பவர்களின் வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. அப்படித் தேடுவதானால் அதன் சுமையை ஏற்கும் ஊருக்கு என்ன ஏற்பாடு? நிலக்கரிக்கும் இரும்புத்தாதுக்கும் 2015 முதல் ஒரு ஏற்பாடு இருக்கிறது. சுரங்கம் நடத்துபவர் ராயல்டியோடு சேர்த்து, பாதிக்கப்பட்ட பகுதிகளுக்காக மாவட்டக் கனிம அறக்கட்டளைக்கும் பணம் கட்ட வேண்டும். அந்தக் கனிமச் சட்டத்தின் வரையறையிலிருந்து கனிம எண்ணெய் மட்டும் விலக்கப்பட்டிருப்பதால், எண்ணெய்க் கிணறு இருக்கும் ஊருக்கு அந்த நிதி கிடையாது. கம்பெனியின் சமூகப் பொறுப்பு நிதியில் பள்ளிக்கூடக் கட்டடமும் குடிநீர்த் தொட்டியும் வரலாம். அது கொடுப்பவரின் விருப்பம், ஊரின் உரிமை அல்ல.

ஓடுகிற கிணறுகள் இன்னும் பல ஆண்டுகள் ஓடும். ராயல்டியில் ஒரு பகுதி அந்தந்த ஊராட்சிக்கு வர வேண்டும். குத்தகைதாரரும் பக்கத்து வயல்காரரும் இழப்பீட்டுப் பட்டியலில் இடம்பெற வேண்டும். எந்தச் சர்வே எண்ணில் எந்த ஆண்டுக் குழாய் போகிறது, கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்ற விவரத்தைக் கிராம சபையில் வைக்க வேண்டும். ஓய்ந்த கிணற்றை மூடும் செலவைத் தோண்டும்போதே வைப்பாகக் கட்டச் சொல்ல வேண்டும். போராட்டம் நடந்த ஊர்களுக்குத் தடைச்சட்டம் கிடைத்தது. கிணற்றோடு வாழும் ஊர்களுக்கு இதுவரை இந்த நான்கில் ஒன்றுகூட உரிமையாகக் கிடைக்கவில்லை.