மெமரி நிரம்பிவிட்டதா? பழைய மடிக்கணினியைத் தள்ளிவிடும் முன்

2011 செப்டம்பர் 15-இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கணினி பெற்ற பிள்ளைகள் செஞ்சி வட்டாரத்திலும் ஏராளம். முதல் சில ஆண்டுகளில் வந்த கணினிகளில் 2 ஜிபி ராம்தான். விண்டோஸோடு சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அவற்றில் இருந்தது. அந்தக் கணினியில் இன்று லினக்ஸ் டெர்மினலைத் திறந்து 'ஃப்ரீ -எம்' என்று அடித்தால், 'ஃப்ரீ' என்ற நிரலில் சின்னதாக ஓர் எண் வரும். அதைப் பார்த்து, "ராம் தீர்ந்துபோச்சு, இனி இது உதவாது" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் அந்த முடிவு தவறு.

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கு. மொத்தம் 1900 எம்பி. ஃப்ரீ 150. பஃபரும் கேஷும் சேர்ந்து 1000. அதற்குள்ளேயே அடங்கிய பகிர்வு நினைவகம் 120. 'அவைலபிள்' 850. இப்போது பயன்பாட்டில் இருப்பது எவ்வளவு? மொத்தத்தில் ஃப்ரீயை மட்டும் கழித்தால் 1750. கேஷையும் கழித்தால் 750. பகிர்வு நினைவகத்தைத் திரும்பக் கூட்டினால் 870. மொத்தத்தில் அவைலபிளைக் கழித்தால் 1050. ஒரே கணினி, ஒரே நொடி, நான்கு விடைகள்!

நினைவகக் கணக்கைக் காட்டும் பெரும்பாலான கருவிகள் படிப்பது லினக்ஸின் மையமான கெர்னல் தரும் 'மெம்இன்ஃபோ' என்ற ஒரே கோப்பைத்தான். கழிப்பதில்தான் வித்தியாசம். கணினித் தகவலைக் காட்டும் நியோஃபெட்ச் கருவி நெடுங்காலம் மூன்றாவது வழியில் கணக்கிட்டது. 'ஃப்ரீ' கட்டளையின் பழைய பதிப்புகள் வேறு வழிகளிலும் இப்போதைய 4-ஆம் வரிசைப் பதிப்புகள் நான்காவது வழியிலும் கணக்கிடுகின்றன. ஆகவே இரண்டு கருவிகளின் எண்களை ஒப்பிட்டு, "இந்த லினக்ஸ் அதைவிட இலகுவானது" என்று சொல்வதில் பொருளில்லை.

கேஷ் என்பது வட்டிலிருந்து ஒருமுறை படித்த கோப்புகளின் நகல். ராம் சும்மா கிடப்பதைக் கெர்னல் விரும்பாது. இடமிருக்கும்வரை நகல்களை வைத்துக்கொள்ளும். செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் ஓரமாக அடுக்கிய காலிச் சாக்குகளைப் போல, புது லோடு வந்ததும் இவற்றை ஒதுக்கிவிடலாம். ஆனால் கேஷ் முழுவதையும் அப்படி ஒதுக்க முடியாது. ராமிலேயே வைக்கப்படும் டெம்ப்எஃப்எஸ் கோப்புகளும் பகிர்வு நினைவகமும் கேஷ் கணக்கில்தான் வருகின்றன. அவற்றுக்கு வட்டில் நகல் கிடையாது. இரண்டாவது விடையான 750 ஏமாற்றுவது இங்கேதான்.

இந்தக் குழப்பத்துக்காகவே 2014-இல் வந்த லினக்ஸ் 3.14 கெர்னலில் 'மெம்அவைலபிள்' சேர்க்கப்பட்டது. வட்டில் ஒதுக்கிய ஸ்வாப் இடத்துக்குப் போகாமல் புதிய செயலிகளுக்கு எவ்வளவு தரலாம் என்று கெர்னலே போடும் மதிப்பீடு அது. என்னைக் கேட்டால், பார்க்கவேண்டிய எண் அது ஒன்றுதான்.

 

கணினி நிஜமாகவே திணறுகிறதா என்று அறிய 'விஎம்ஸ்டாட் 5' என்று அடியுங்கள். முதல் வரி, கணினியை இயக்கியதிலிருந்து இதுவரையிலான சராசரி, அதை விட்டுவிடுங்கள். அடுத்த வரிகளில், ஸ்வாப்பிலிருந்து வருவதையும் அதற்குப் போவதையும் காட்டும் 'எஸ்ஐ', 'எஸ்ஓ' நிரல்கள் தொடர்ந்து பூஜ்யமாக இருந்தால் ராம் போதுகிறது. அவைலபிள் குறைந்து, இவ்விரண்டும் ஓயாமல் ஓடினால்தான் ராம் பற்றவில்லை என்று பொருள். பிரவுசர் டேப்களை முதலில் மூடிப் பாருங்கள், அப்புறம் ராம் வாங்கலாம்.