பழைய மனநோய்ப் பதிவேடுகள்: இன்றைய அளவுகோல் சொல்வது என்ன?

நூறு ஆண்டுகளுக்கு முன்பு 'மேனியா' என்று பதிவான ஒருவரை இன்றைய மனநல மருத்துவர் பரிசோதித்திருந்தால், அதே முடிவுக்கு வந்திருப்பாரா? பழைய மருத்துவமனை ஆவணங்களை ஆராய்வோர் எழுப்பும் முக்கியக் கேள்வி இது.

கர்நாடகத்தின் ஹனூர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இன்று சாமராஜநகர் மாவட்டத்தில் உள்ள இவ்வூர், கொள்ளேகால் வட்டத்தின் பகுதியாக 1956 வரை கோவை மாவட்டத்தில் இருந்தது. அருகிலேயே மைசூர் சமஸ்தானத்தின் எல்லை. எனவே, இப்பகுதி நோயாளிகளின் பழைய பதிவுகளைத் தேடுவோர் இரு நிர்வாகங்களின் ஆவணங்களையும் பார்க்க வேண்டியிருக்கும். ஒன்று, 1871 முதல் கீழ்ப்பாக்கத்தில் இயங்கிவரும் சென்னை மனநல மருத்துவமனை. மற்றொன்று, 1847-இல் தொடங்கப்பட்டு, பின்னாளில் நிம்ஹான்ஸின் அங்கமான பெங்களூரு மருத்துவமனை.

பெயர்கள் மாறியது ஏன்?

19-ஆம் நூற்றாண்டில் மேனியா, மெலன்கோலியா, டிமென்ஷியா என்ற சில பெயர்களே பெரும்பாலும் வழக்கில் இருந்தன. அவை நோயின் தோற்றத்தைக் குறித்தன, காரணத்தை அல்ல. ஜெர்மானிய மருத்துவர் எமில் கிரெப்பலின் 1899-இல் நோயின் போக்கை அடிப்படையாகக் கொண்டு, பின்னாளில் மனச்சிதைவு எனப்பட்டதையும் உணர்ச்சிநிலைக் கோளாறையும் வேறுபடுத்தினார். 'ஸ்கிசோஃப்ரினியா' என்ற சொல்லை ஆய்கன் பிளாய்லர் 1908-இல் அறிமுகப்படுத்தினார்.

மனநோய் என்று கருதப்பட்ட சிலவற்றின் வேர் உடலில் இருந்தது. 'பைத்தியப் பக்கவாதம்' எனப்பட்ட நோய்க்கு சிபிலிஸ் கிருமியே காரணம் என்பது 1913-இல் மூளைத் திசுவில் உறுதியானது. குழப்பத்தையும் பிதற்றலையும் உண்டாக்கும் பெல்லக்ரா, நியாசின் சத்துக் குறைவால் வருவது. இவ்விரண்டுக்கும் இன்று சிகிச்சை உண்டு.

இந்தியாவில் நடந்த மறுஆய்வு

கஞ்சாவால் பைத்தியம் பிடிக்கிறதா என்று ஆராய, 1893-இல் இந்தியக் கஞ்சா ஆணையம் அமைக்கப்பட்டது. 1892-ஆம் ஆண்டின் மனநோயகப் பதிவுகளில் 222 பேரின் நோய்க்குக் கஞ்சா காரணமாகக் காட்டப்பட்டிருந்தது. ஆணையம் ஒவ்வொன்றையும் விசாரித்து, 98 பேரின் விஷயத்தில் மட்டுமே அத்தொடர்பை ஏற்றது. காவல்துறையினர் நிரப்பிய படிவத்தில் இருந்த காரணமே பல இடங்களில் அப்படியே மருத்துவப் பதிவாகியிருந்தது தெரியவந்தது.

எல்லை எங்கே?

2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 வகைப்பாட்டின்படி, மனச்சிதைவு என்று சொல்ல அறிகுறிகள் குறைந்தது ஒரு மாதம் நீடிக்க வேண்டும். திடீரெனத் தோன்றி மூன்று மாதங்களுக்குள் தணிவது தனி வகை. ஆனால் அறிகுறிகள் எத்தனை நாள் இருந்தன என்ற விவரம் பழைய பதிவுகள் பலவற்றில் இல்லை. ரத்தப் பரிசோதனையும் இல்லை. நோயாளியின் மொழி அறியாத மருத்துவர் எழுதிய குறிப்புகளும் உண்டு.

எனவே, இருவர் தனித்தனியே ஒரே அளவுகோலில் மதிப்பிட்டு முடிவுகளை ஒப்பிடுவதும், தகவல் போதாதவற்றை வகைப்படுத்தாமல் விடுவதுமே நேர்மையான ஆய்வு முறை.

குடும்பங்களுக்கு என்ன பயன்?

'எங்கள் பரம்பரையில் பைத்தியம் உண்டு' என்ற பேச்சு இன்றும் திருமணங்களைத் தடுக்கிறது. தாத்தாவுக்கு வந்தது சத்துக் குறைவாகவோ தொற்றாகவோ இருந்திருக்கலாம். பழைய ஏட்டின் ஒற்றைச் சொல் பேரப்பிள்ளைகளின் மீதான தீர்ப்பாகாது. அதேவேளை, தற்போது சிகிச்சை பெறுவோர் தங்கள் நோய்ப்பெயர் குறித்து ஐயம் எழுந்தால், மருந்தைத் தாமாக நிறுத்தாமல், மருத்துவரிடம் மறுமதிப்பீடு கேட்பதே பாதுகாப்பானது.