இட்லித் தட்டுக்கு எத்தனை மார்க்?

கதை ஆடும் திரை – 11

வீடியோ கேம் விமர்சனம் எதை எடுத்துப் பார்த்தாலும் பெரும்பாலும் அடியில் ஒரு மார்க் இருக்கும். பத்துக்கு எட்டு, நூறுக்கு எழுபத்தெட்டு என்று. இதில் நாம் முகம் சுளிக்க ஒன்றுமில்லை. சினிமாவுக்கு ஆனந்த விகடன் மார்க் போட்டதும், அதைப் பார்த்துவிட்டுத் தியேட்டருக்குப் போனதும் நம் ஊர்ப் பழக்கம்தான். ஆனால் கேமுக்கு மார்க் போடுகிறவர்களிடம் கூடுதலாக ஒரு வழக்கம் உண்டு. கடிகாரம் பார்ப்பார்கள். எத்தனை மணி நேரம் ஓடுகிறது, கொடுத்த காசுக்கு அது கட்டுமா என்ற கணக்கு எங்காவது ஓரிடத்தில் வந்துவிடும். பந்தயக் கார் ஓட்டுவதற்கும் துப்பாக்கி சுடுவதற்கும் அந்தக் கணக்கு சரி. கதையை நம்பி வருகிற கேமுக்கும் அதே கஜக்கோலைத்தான் எடுக்கிறார்கள்.

அந்தக் கஜக்கோலில் அளக்கப்பட்ட தமிழ்ப் பெயர் ஒன்று உண்டு: ‘வெண்பா’. டொரன்டோவில் இருக்கும் ‘விசை கேம்ஸ்’ என்ற சிறிய குழு செய்தது. பின்னால் இருந்தவர் அபி என்ற தமிழர். 2023 ஜூலை 31 அன்று வெளியானது. எண்பதுகளின் கடைசியில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குப் போன வெண்பா, அவள் கணவன் பாவலன், அங்கே பிறக்கும் மகன் கவின் ஆகிய மூவரின் கதை. விளையாட்டு என்று பார்த்தால் சமையல்தான். வெண்பாவின் அம்மா எழுதிக் கொடுத்த குறிப்பேடு கிழிந்தும் கறை படிந்தும் இருக்கிறது. அழிந்துபோன வரிகளை நாம் ஊகித்து இட்லி அவிக்க வேண்டும், புட்டு அவிக்க வேண்டும், பிரியாணிக்குத் தம் போட வேண்டும். பக்கத்தில் ரேடியோ பாடிக்கொண்டிருக்கும். அந்தந்தக் காலத்துத் தமிழ்ச் சினிமாப் பாட்டின் சாயலில் புதிதாக மெட்டமைத்த பாடல்கள்.

பொங்கல் லீவுக்கு சிவகிரி வந்த அண்ணன் மகன் லேப்டாப்பில் இதைத் திறந்து வைத்திருந்தான். திரையில் முதல் வேலை இட்லி. குழிகளில் மாவு ஊற்றியாகிவிட்டது. தட்டுகளை எப்படி அடுக்குவது என்பதில் பையன் நின்றுவிட்டான். கையில் கரண்டியோடு வந்த மதினி அவன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

“ஏல, என்னல பண்ணுத? நேருக்கு நேரா அடுக்குனா மேல்தட்டு கீழ இருக்க இட்லிய அமுக்கிரும்லா. கொஞ்சம் திருப்பி வையி.”

“அதத்தாம்மா கண்டுபிடிக்கச் சொல்லுதான். இதான் புதிரு.”

“இதுல என்னல புதிரு இருக்கு? நான் நாலாங்கிளாஸ்ல இருந்து அடுக்கிக்கிட்டு இருக்கேன்.”

இந்தக் கேமுக்கு நான் கேட்ட விமர்சனங்களிலேயே கறாரானது இதுதான். டொரன்டோவிலும் லண்டனிலும் உட்கார்ந்து எழுதியவர்களுக்கு ஆவி எந்த வழியாக மேலே ஏறும் என்பது யோசித்து அவிழ்க்க வேண்டிய முடிச்சு. முதல் தடவை இட்லி வேகாமல் போனதைச் சிலர் ரசித்தே எழுதியிருந்தார்கள். மதினிக்கு முடிச்சே தெரியவில்லை. அதே இடத்தில் அவர் வேறொன்றைப் பார்த்தார். அந்த அடுப்படியில் அந்தப் பெண்ணுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை, அதனால்தான் நோட்டைப் புரட்டுகிறாள் என்பது அவருக்கு உடனே பிடிபட்டுவிட்டது. “தாய்க்காரி பக்கத்துல இல்ல போல” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். பாவலன் யார், கவின் யார் என்பதெல்லாம் அவருக்கு இன்று வரை தெரியாது.

பையனின் குறை வேறு.

“சித்தப்பா, அதுக்குள்ள முடிஞ்சு போச்சு. நம்ம படம்னாக்கூட ரெண்டரை மணி நேரம் ஓடும்லா. இதுக்கா பாஃப்டா குடுத்தாவ?”

கொடுத்தார்கள். 2024 ஏப்ரலில் நடந்த பாஃப்டா கேம் விருதுகளில், சிறந்த அறிமுகப் படைப்புக்கான விருது ‘வெண்பா’வுக்குத்தான். அதற்கு முந்தைய மாதம், பெரிய கம்பெனிகளைச் சாராத சுயாதீனக் கேம்களுக்கான ஐஜிஎஃப் விழாவில் முதன்மைப் பரிசு கிடைத்தது. 2023 டிசம்பரின் ‘கேம் அவார்ட்ஸ்’ விழாவில் இரண்டு பிரிவுகளில் பரிந்துரை. விமர்சகர்களில் பெரும்பாலோர் நல்ல மார்க்கே போட்டார்கள். குறை சொன்னவர்கள் ஏறக்குறைய எல்லோரும் பையன் கேட்டதையே கேட்டார்கள்: ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறதே, பதினைந்து டாலருக்கு இது போதுமா, சமையல் இன்னும் நாலு இருக்கக்கூடாதா?

குறை இருக்கிறது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அது எங்கே இருக்கிறது என்பதில்தான் எனக்கு அவர்களோடு வழக்கு. சமையல் இன்னும் நாலு சேர்த்திருந்தால் கேம் நீண்டிருக்கும், கதை அப்படியேதான் இருந்திருக்கும். குறை பாவலனிடம் இருக்கிறது. வேலைக்கு அலைந்து, வந்த நாட்டில் கால் ஊன்ற முடியாமல் தவிக்கிற ஒரு மனிதர், பெரும்பாலும் ஆறுதல் சொல்லும் கணவராகவே நின்றுவிடுகிறார். கதை ஆண்டுகளைத் தாண்டித் தாண்டிப் போகும்போது தாண்டப்படுகிற ஆள் அவர்தான். நம் சிறுகதை மரபில் பழகிய வாசகன் இதைச் சும்மா விடமாட்டான். புதுமைப்பித்தனிலிருந்து அ.முத்துலிங்கம் வரை படித்தவனுக்கு, பத்துப் பக்கத்தில் ஒரு ஆளை முழுசாக நிறுத்த முடியும் என்பது தெரியும். அதனால் ‘சின்னதாக இருக்கிறது’ என்பதை அவன் குறையாகச் சொல்லமாட்டான்; ‘சின்ன இடத்தில் இந்த ஆளை ஏன் பாதியாக விட்டாய்’ என்றுதான் கேட்பான். அப்படிக் கேட்ட விமர்சனம் ஒன்றாவது கண்ணில் படாதா என்று தேடினேன். கிடைத்ததில் அதிகம், ‘ஒரு பண்பாட்டைத் தெரிந்துகொண்டேன்’ என்கிற வகைப் பாராட்டு. பாராட்டுத்தான், மறுக்கவில்லை. ஆனால் எழுத்தை எழுத்தாகப் பார்க்காமல் சுற்றுலாக் கையேடாகப் பார்க்கிற பாராட்டு.

ஓரிடத்தில் மட்டும் அவர்களும் நாமும் ஒன்றாக அசந்துபோனோம் என்று நினைக்கிறேன். வளர்ந்த கவின் பாட்டியின் குறிப்பேட்டை எடுத்து வைத்துக்கொண்டு சமைக்க நிற்கிறான். அவனுக்குத் தமிழ் சரியாக வாசிக்க வராது. இவ்வளவு நேரம் நம்மைத் தடுத்தது கறையும் கிழிசலும். இப்போது எழுத்து தெளிவாகவே இருக்கிறது, தடுப்பது அவன் தலைக்குள் இருக்கிறது. அம்மா தமிழில் கேட்டதற்கெல்லாம் இங்கிலீஷில் பதில் சொன்ன பையன் அவன் என்பதை வசனம் வைத்து நினைவூட்டத் தேவையில்லை. வாசகனின் கையிலேயே அந்தத் திணறலைக் கொடுத்துவிடுகிறார்கள். சிறுகதையிலோ சினிமாவிலோ இதை இப்படிச் செய்ய முடியாது. கேம் என்ற வடிவத்துக்கு மார்க் போடுவதென்றால் இங்கேதான் போட வேண்டும்.

இனி, மணிக்கணக்கில் யாரும் குறை சொல்ல முடியாத ஒரு கேமைப் பார்ப்போம். ‘லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச்’. பாரிஸின் ‘டோன்ட்நாட்’ நிறுவனம் செய்தது, 2015 ஜனவரி 30 தொடங்கி அக்டோபர் 20 வரை ஐந்து பாகங்களாக வந்தது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஒரு கற்பனைக் கடலோர ஊர். அங்கே போட்டோகிராஃபி படிக்கும் மேக்ஸ் என்ற பெண்ணுக்குத் திடீரென்று காலத்தைப் பின்னோக்கிச் சுற்றும் சக்தி வருகிறது. சொன்ன சொல்லைத் திரும்பப் பெற்று வேறு சொல்லிப் பார்க்கலாம். அறிவியல் புனைகதைக்குக் கேட்டதும் பிடிக்கிற கரு. பதிப்பாளர்கள் பலர் கதாநாயகியைக் கதாநாயகனாக மாற்றச் சொன்னார்கள், ‘ஸ்கொயர் எனிக்ஸ்’ மட்டும்தான் அப்படிக் கேட்கவில்லை என்று டோன்ட்நாட் நிறுவனத்தார் அப்போது வெளிப்படையாகவே சொன்னார்கள்.

தவணை முறையில் வந்ததால் விமர்சனமும் தவணையில் வந்தது. ஒரே படைப்புக்கு ஐந்து தடவை மார்க். நமக்கு இது விநோதமாகப் படும். சுஜாதா ‘என் இனிய இயந்திரா’வை விகடனில் தொடராக எழுதியபோது அதில் வரும் ரோபாட் நாய் ஜீனோவுக்கு இந்த வாரம் பத்துக்கு ஏழு, அடுத்த வாரம் எட்டு என்று யாரும் போட்டுக்கொண்டிருக்கவில்லை. முடியும் வரை காத்திருந்தார்கள். இங்கே முதல் பாகத்துக்கே தீர்ப்பு வந்துவிட்டது. உதடு அசைவதும் பேச்சும் பொருந்தவில்லை, எந்தப் பதினெட்டு வயசுப் பிள்ளை இப்படிப் பேசும் என்றார்கள். பிரெஞ்சுக்காரர்கள் அமெரிக்கப் பிள்ளைகளைப் பற்றி எழுதினால் இப்படித்தான் என்ற கேலியும் கலந்திருந்தது. ஆங்கில வசனத்தை எழுதிய கிறிஸ்டியன் டிவைன் அமெரிக்கர் என்பது அந்தக் கேலிக்குக் கொஞ்சம் சங்கடமான தகவல்.

இரண்டாம் பாகம் வந்ததும் தொனி மாறியது. வகுப்புத் தோழி கேட், எல்லோருடைய ஏளனத்துக்கும் ஆளாகி, உயிரை விடத் துணிந்து மொட்டை மாடி விளிம்பில் நிற்கிறாள். மேக்ஸுக்கு அந்த நேரம் பார்த்து சக்தி வற்றிவிடுகிறது. இனி பின்னோக்கிச் சுற்ற முடியாது. அவளிடம் பேசித்தான் இறக்க வேண்டும், ஒரே வாய்ப்பு. அதற்கு முன் அவள் அறைக்குள் போனபோது சுவரில் இருந்த குடும்பப் படங்களைப் பார்த்தீர்களா, வீட்டில் யார் அவளுக்கு நெருக்கம் என்று கவனித்தீர்களா என்பதை வைத்துத்தான் முடிவு. சக்தியை நம்பி மெத்தனமாக விளையாடியவர்கள் பலருக்கு அவளைக் காப்பாற்ற முடியவில்லை. உதட்டசைவைப் பற்றிப் பேசிய விமர்சகர்களே இந்தக் காட்சியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். 2016-இல் கதைக்கான பாஃப்டா விருதும் கிடைத்தது.

கடைசிப் பாகத்தில் மறுபடி சண்டை. ஐந்து பாகங்களாக நூறு முடிவுகள் எடுக்கவைத்துவிட்டு, கடைசியில் மேக்ஸின் இன்னொரு தோழியைக் காப்பாற்றுவதா ஊரைக் காப்பாற்றுவதா என்று இரண்டில் ஒன்றைக் கேட்டால் இதுவரை எடுத்த முடிவுகளுக்கு என்ன மரியாதை என்று கோபப்பட்டார்கள். எனக்கு இந்தக் கோபத்தில் பாதிதான் உடன்பாடு. கடைசி ஊர்க்காட்சி அவசரத்தில் முடிந்தது உண்மை. ஆனால் கேட் கீழே இறங்கி வந்தாளா இல்லையா என்பது விளையாடியவர் மனதில் ஏற்கெனவே முடிந்துபோன கணக்கு. கடைசிப் பொத்தான் அதை அழித்துவிடாது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. டோன்ட்நாட் வெளியாள், அடுத்தவர் ஊரைப் பற்றி எழுதினார்கள், ஊர்க்காரர்கள் பேச்சில் பிழை பிடித்தார்கள். ‘வெண்பா’ உள்ளாள் எழுதியது, அதைப் பெரும்பாலும் எடை போட்டவர்கள் வெளியாட்கள், அவர்கள் பேச்சில் பிழை பிடிக்க வழியில்லாததால் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். பிழை பிடிக்கத் தெரிந்த நாம் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. நம் வார இதழ்களில் சினிமாவுக்குப் பக்கம் பக்கமாக இடம் உண்டு, கேமுக்கு அரைப் பக்கம் ஒதுக்குவது அபூர்வம். பையன்கள் விளையாடுகிற சமாச்சாரம் என்று ஆசிரியர் குழுவிலேயே ஒதுக்கிவைத்திருப்பார்கள். சிவகிரியில் ஒரு அடுப்படியில் கரண்டியோடு நின்று சொன்ன இரண்டு வரியில் இருந்த கூர்மையை அச்சில் கொண்டுவர ஆள் வேண்டும். சமையல் தெரிந்திருக்க வேண்டும், சிறுகதை படித்திருக்க வேண்டும், கேம் கன்ட்ரோலரும் பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். மூன்றும் உள்ளவர்கள் இருபதுகளில் நிறையப் பேர் இருக்கிறார்கள். கேட்டால் எழுதுவார்கள்.

அண்ணன் மகனிடம் கேட்டேன். “மார்க் போடணுமா சித்தப்பா?” என்றான். போட வேண்டாம், பாவலனைப் பற்றி ஒரு பக்கம் எழுது என்றேன். “அவர் செத்ததுக்கப்புறந்தான் அவர் ஞாபகமே வருது” என்றான். அதையே முதல் வரியாக வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த வாரம்: 2012-இல் ‘மாஸ் எஃபெக்ட் 3’ என்ற விண்வெளிக் கதையின் முடிவு பிடிக்கவில்லை என்று ஆடியவர்கள் கொடி பிடித்ததும், மூன்றே மாதத்தில் நிறுவனம் முடிவை நீட்டி இலவசமாகக் கொடுத்த கதை. கூடவே, எதிர்ப்பு வந்து குமுதத்தில் பாதியில் நின்ற சுஜாதாவின் தொடர்கதை ‘கறுப்பு சிவப்பு வெளுப்பு’, பிறகு ‘ரத்தம் ஒரே நிறம்’ ஆன கதையும்.

(தொடரும்)