கினிப்பன்றிக்கு ஒரு வீடு

ஓரிக்கையில் நெசவாளர் வீடொன்றில் நீங்கள் 2 கினிப்பன்றிகள் வளர்க்கப் போவதாக வைத்துக்கொள்வோம். கூண்டு எப்படி இருக்க வேண்டும்?

கினிப்பன்றி பெயரில்தான் பன்றி. உண்மையில் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதியைச் சேர்ந்த கொறிக்கும் பிராணி. மரமேறாது, தரையில்தான் ஓடும். ஆகவே, கூண்டின் உயரத்தைவிடத் தரைப்பரப்பே முக்கியம். 4 அடி நீளமும் 2 அடி அகலமும் வேண்டும். பூனைக்குப் பயந்து மேலே கம்பிவலை போடலாம். தரையில் வலை கூடாது, பாதம் புண்ணாகும்.

அடுத்தது படுக்கை. சிறுநீரிலுள்ள யூரியாவைப் பாக்டீரியாக்கள் சிதைக்கும்போது அமோனியா வாயு உண்டாகிறது. நின்று பார்க்கும் நமக்கு அதன் நெடி தெரியாமல் போகலாம். தரையை ஒட்டி மூக்கை வைத்திருக்கும் கினிப்பன்றியோ அதையே சுவாசிக்கிறது, நுரையீரல் கெடுகிறது. எனவே குனிந்து, அதன் உயரத்தில் முகர்ந்து பாருங்கள். நெடி அடித்தால், படுக்கையை முன்பே மாற்றியிருக்க வேண்டும்!

அடியில் செய்தித்தாள்களை விரித்து, மேலே 2 அங்குலத்திற்கு உலர்ந்த அறுகம்புல்லைப் பரப்புங்கள். அதைக் கொறித்தும் தின்னும். நனைந்த பகுதியை நாள்தோறும் அகற்றுங்கள். வாரம் ஒருமுறை முழுவதும் மாற்றுங்கள். மரத்தூள் வேண்டாம், தூசி மூச்சில் ஏறும். தறியடியில் மெத்தென்று கிடக்கும் பட்டுநூல் கழிவும் வேண்டாம். காலில் சுற்றிக்கொண்டு இரத்த ஓட்டத்தைத் தடுக்கும்.

காஞ்சிபுரத்துக் கோடை வெயில் 40 டிகிரி செல்சியஸை எட்டும். கினிப்பன்றிக்கு 30 டிகிரியே அதிகம். கூண்டை வீட்டிற்குள் நிழலான, காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள்.

அகற்றிய புல்லை எறியாதீர்கள். அமோனியாவிலுள்ள நைட்ரஜன் செடிகளுக்கு உணவு. மட்கவைத்துத் தோட்டத்திற்கு இடுங்கள்.